டிரிகர் போட்டும் ஆடிட்டில் "யார்" என்ற இடத்தில் எல்லாருக்கும் ஒரே பெயர்

பாயான்லெப்பாஸ்_கோடர் | 4 நவம்பர் 2025, காலை 10.12

கார் வொர்க்‌ஷாப் பில்லிங் சிஸ்டம். எஸ்கியூஎல் சர்வர் 2019, முன்னால் டாட்நெட். சர்வீஸ் விலைப் பட்டியலில் யார் கை வைத்தாலும் பழைய விலை, புது விலை, யார், எப்போது என்று தெரிய வேண்டும். தவுக்கே (முதலாளி) கேட்பது இவ்வளவுதான். விலை டேபிளில் அப்டேட் டிரிகர் (அப்டேட் நடந்ததும் டேட்டாபேஸ் தானே ஓட்டும் கோடு) போட்டிருக்கிறோம், அது ஆடிட் டேபிளில் எழுதுகிறது.

இரண்டு தகராறு. ஒன்று, கிராணி (குமாஸ்தா) மாற்றினாலும் மேனேஜர் மாற்றினாலும் "யார்" ஃபீல்டில் ஆப்பின் டேட்டாபேஸ் லாகின் பெயர்தான் விழுகிறது. இரண்டு, 2024 மார்ச் 1-இல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனபோது எல்லா ரோவுக்கும் மொத்தமாக ஒரு அப்டேட் ஓடியது. ஆடிட்டில் அதற்கு இருப்பது ஒரே ஒரு ரோ. மற்றதெல்லாம் எங்கே? டிரிகரைத் தூக்கிவிட்டு ஆப்பிலேயே லாக் எழுதிவிடலாம் என்று ஆபீசில் பேச்சு. செய்யலாமா?

செந்தூல்_டிபிஏ | 4 நவம்பர் 2025, காலை 10.51

இரண்டாவதை முதலில் முடிப்போம் தம்பி, அது சுலபம். டிரிகர் உள்ளே ஒரு வேரியபிள் வைத்து, இன்சர்டட் டேபிளிலிருந்து (மாறிய ரோக்களின் புது மதிப்பு இருக்கும் இடம்) ஐடியை அதில் எடுத்து, அந்த ஐடிக்கு மட்டும் ஆடிட் எழுதியிருக்கும். பாதிப் பேர் டிரிகர் இப்படித்தான் இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் டிரிகர் ரோவுக்கு ஒரு தடவை ஓடாது, கட்டளைக்கு ஒரு தடவை ஓடும். ஒரே அப்டேட்டில் 600 ரோ மாறினால் இன்சர்டட்டில் 600, டெலிட்டடில் (பழைய மதிப்பு இருக்கும் இடம்) 600, டிரிகர் ஓடுவது ஒரே தடவை. வேரியபிளில் ஏறுவது அந்த 600-இல் ஏதோ ஒன்று. எது ஏறும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

வேரியபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே இன்சர்ட்-செலக்டாக எழுதுங்கள். இன்சர்டட்டையும் டெலிட்டடையும் பிரைமரி கீயில் ஜாயின் பண்ணினால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். பிரைமரி கீயையே மாற்றுகிற அப்டேட் வந்தால் இந்த ஜாயின் பொருந்தாது. அதனால் கீயாக மாறாத ஐடியை வையுங்கள், சர்வீஸ் கோடு மாதிரி ஆட்கள் திருத்துகிற எதையும் வைக்காதீர்கள்.

"மாறியதா" என்று பார்க்க அப்டேட் என்கிற அந்த ஃபங்ஷனை நம்பாதீர்கள். அந்த ஃபீல்டு செட் பட்டியலில் இருந்தாலே அது ஆம் என்கும். 120 வெள்ளியை (ரிங்கிட்) 120 வெள்ளியாகவே சேவ் செய்தாலும் ஆம்தான். சமமில்லை குறி போட்டு ஒப்பிட்டால் நல் (மதிப்பே இல்லாத காலி ஃபீல்டு) வந்த இடத்தில் கோட்டை விடும்; நல்லிலிருந்து 80 ஆனது பதிவாகாது. 2022 பதிப்பில் இதற்கென்றே இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம் வந்துவிட்டது. 2019-இல், புது ஃபீல்டுகளை செலக்ட் செய்து எக்செப்ட் போட்டுப் பழையதை செலக்ட் செய்து, அதை எக்ஸிஸ்ட்ஸுக்குள் வையுங்கள். நல்லையும் ஒழுங்காகக் கணக்கில் எடுக்கும்.

டிரிகரின் முதல் வரி நோகவுன்ட் ஆன். அது இல்லாவிட்டால் ஆடிட் இன்சர்ட்டின் ரோ எண்ணிக்கையும் சேர்ந்து ஆப்புக்குப் போகும், "1 ரோ எதிர்பார்த்தேன், 2 வந்தது" என்று ஏதாவது ஒரு லைப்ரரி அழும். ஒரு ரோகூட மாறாத அப்டேட்டுக்கும் டிரிகர் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போன வருட மார்ச் ரோக்கள் எங்கேயும் இல்லை, எழுதப்படவே இல்லை. 2024 பிப்ரவரி பேக்கப் இருந்தால் தனி டேட்டாபேஸாக ரீஸ்டோர் செய்து பழைய விலையை ஒப்பிடலாம். வேறு வழியில்லை.

பிறை_பேக்எண்ட் | 4 நவம்பர் 2025, பிற்பகல் 1.20

"யார்" விஷயத்துக்கு வருகிறேன். ஆப் முழுக்க ஒரே லாகினில் கனெக்ட் ஆகிறது. டேட்டாபேஸுக்குத் தெரிந்த ஆள் அந்த ஒருத்தர்தான். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று ஆப் சொன்னால்தான் டிரிகருக்குத் தெரியும்.

எஸ்கியூஎல் சர்வர் 2016-இலிருந்து செஷன் கான்டெக்ஸ்ட் (திறந்திருக்கும் கனெக்‌ஷனோடு நாம் ஒட்டி வைக்கும் குறிப்பு) இருக்கிறது. கனெக்‌ஷன் திறந்ததும், முதல் அப்டேட்டுக்கு முன்னால், எஸ்பி_செட்_செஷன்_கான்டெக்ஸ்ட் கூப்பிட்டு யூசர் ஐடியைப் போடுங்கள். டிரிகரில் அதைப் படித்து என்வார்சாராக மாற்றிக்கொள்ளுங்கள். படிக்கும்போது கீ பெயருக்கு முன்னால் ஆங்கில என் (N) எழுத்து கட்டாயம், விட்டால் எரர்.

எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். லாகின் ஆனபோது ஒரு தடவை போட்டால் போதாது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் (டாட்நெட்டின் டேட்டாபேஸ் லைப்ரரி) ஒவ்வொரு வேலைக்கும் கனெக்‌ஷனைத் திறந்து மூடும். மூடியது பூலுக்கு (மறுபடி பயன்படுத்த எடுத்து வைக்கும் இடம்) போய், அடுத்த தடவை கையில் வரும்போது ரீசெட் ஆகி வரும். போட்டு வைத்த பெயர் போயிருக்கும். கனெக்‌ஷன் இன்டர்செப்டரில் "திறந்த பிறகு" என்ற இடத்தில் வையுங்கள், சின்க்ரோனஸ், அசின்க்ரோனஸ் இரண்டு மெத்தடிலும். ஒன்றில் மட்டும் வைத்தால் பாதி ரோவில் பெயர் இருக்கும், பாதியில் இருக்காது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது தனிக் கொடுமை.

செந்தூல்_டிபிஏ | 4 நவம்பர் 2025, பிற்பகல் 1.34

சேர்த்துக்கொள்ளுங்கள்: செஷன் கான்டெக்ஸ்ட் காலியாக இருந்தால் ஒரிஜினல்_லாகின் விழட்டும். கூடவே ஆப் பெயர், ஹோஸ்ட் பெயர் இரண்டு ஃபீல்டு. யாராவது மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் (டேட்டாபேஸை நேராகத் திறக்கும் டூல்) நேராகக் கை வைத்தால் ஆப் பெயரிலேயே மாட்டிக்கொள்வார். இந்த இரண்டும் கனெக்ட் ஆகிறவர் தரப்பிலிருந்து வருபவை, நினைத்தால் பொய்யாகவும் அனுப்பலாம். துப்பு என்று வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக நிற்காது.

ஆபீசில் பேசுகிற "ஆப்பிலேயே எழுதலாம்" என்பதற்குப் பதிலும் இதுதான். நேராகக் கை வைப்பது, ராத்திரி ஓடுகிற ஜாப், எக்செலிலிருந்து ஏற்றுவது எதுவும் ஆப் வழியாகப் போகாது. என்ன மாறியது என்பதை டிரிகரிடம் விடுங்கள். யார், எதற்காக என்பதை ஆப் அனுப்பட்டும்.

கமிட்_கந்தசாமி | 4 நவம்பர் 2025, இரவு 9.05

டிரிகர் எதற்கு லா? டெம்பொரல் டேபிள் (பழைய ரோக்களைத் தானே சேமிக்கும் டேபிள்) போட்டால் ஒரு வரி கோடு இல்லாமல் ஹிஸ்டரி வருமே.

செந்தூல்_டிபிஏ | 4 நவம்பர் 2025, இரவு 9.40

வரும். "போன மாதம் 15-ஆம் தேதி இந்த விலை என்ன" என்ற கேள்விக்கு அதைவிடச் சுத்தமான பதில் கிடையாது. ஆனால் யார் என்பது அதற்குத் தெரியாது. மெயின் டேபிளிலேயே "மாற்றியவர்" ஃபீல்டு வைத்தால் அப்டேட்டுக்குச் சரியாகும். டெலிட்டுக்கு ஆகாது: ஹிஸ்டரியில் நிற்பது கடைசியாகத் திருத்தினவர் பெயர், அழித்தவர் பெயர் அல்ல. முதலில் பெயரை அப்டேட் செய்து பிறகு டெலிட் என்று இரண்டு படியாகப் போக வேண்டும். மதிப்பு மாறாத அப்டேட்டுக்கும் ஹிஸ்டரியில் ஒரு ரோ விழும். நேரமாகப் பதிவாவது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம், அதுவும் யூடிசியில் (உலகப் பொது நேரம், நமக்கு 8 மணி நேரம் பின்னால்).

பிரிக்ஃபீல்ட்ஸ்_கணக்கு | 5 நவம்பர் 2025, காலை 8.30

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன், நான் கணக்காய்வு பக்கம். மார்ச் 1 நள்ளிரவு தாண்டி 12.05-க்கு மாற்றிய வரி, ரிப்போர்ட்டில் 2024 பிப்ரவரி 29 மாலை 4.05 என்று வந்தால் எப்படி இருக்கும்? புது வரி அமலுக்கு வருவதற்கு முந்தின நாளே மாற்றியதாகத் தெரியும். யூடிசியில் எழுதுவதில் தப்பில்லை. ரிப்போர்ட் எடுக்கிற கிவெரியில் மலேசிய நேரத்துக்கு மாற்றுங்கள், தலைப்பிலும் எந்த நேரம் என்று போடுங்கள்.

இன்னொன்று: மொத்தமாக எல்லா ரோவையும் 8 ஆக்கினதாக எழுதியிருக்கிறீர்கள். வாகனச் சர்வீஸ், ரிப்பேர் 8-க்குப் போனது சரி. உணவு பானம், தொலைத்தொடர்பு, கார் பார்க்கிங், லாஜிஸ்டிக்ஸ் 6-இலேயே நின்றன. பட்டியலில் பார்க்கிங் கட்டணம் மாதிரி ஏதாவது இருந்ததா என்று ஒரு தடவை பாருங்கள். ஆடிட் ரோ இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும்.

பிறை_பேக்எண்ட் | 5 நவம்பர் 2025, காலை 9.02

எஸ்கியூஎல் சர்வரில் மாற்றுவதற்கு அட் டைம் சோன் இரண்டு தடவை வேண்டும் அக்கா. முதலில் யூடிசி என்று அடையாளம் காட்ட ஒன்று, பிறகு உள்ளூருக்கு ஒன்று. முதலாவதை விட்டால் யூடிசி நேரத்தையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், 8 மணி நேரம் நகராமலே இருக்கும். இரண்டாவதில் கோலாலம்பூர் என்று தேடாதீர்கள், கிடைக்காது. விண்டோஸ் நம் நேரத்துக்கு வைத்திருக்கும் பெயர் சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம்.

கமிட்_கந்தசாமி | 5 நவம்பர் 2025, காலை 9.06

டிரிகரில் ஆரம்பித்த சண்டை டைம் சோன் வரை வந்துவிட்டது.

பாயான்லெப்பாஸ்_கோடர் | 6 நவம்பர் 2025, மாலை 4.45

பட்டியலில் பார்க்கிங் ரோ இரண்டு இருக்கிறது, அக்காவுக்கு நன்றி. தவுக்கேயிடம் சொல்லியாயிற்று, முகம் சரியில்லை.

டிரிகரை மாற்றி எழுதியாயிற்று, மொத்த அப்டேட் சரியாக விழுகிறது. டெஸ்ட் சர்வரில் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் 6-இலிருந்து 8-க்கு ஏற்றினோம். உடனே சேவ் ஆகவில்லை. எரர் 334: டேபிளில் டிரிகர் இருந்தால் இன்டூ இல்லாத அவுட்புட் கூடாதாம். டிரிகர் போட்டதுதான் வினையா?

பிறை_பேக்எண்ட் | 6 நவம்பர் 2025, மாலை 5.10

டிரிகர் மேல் பழி போடாதீர்கள். 7-ஆம் பதிப்பிலிருந்து சேவ் செய்யும் முறையை மாற்றிவிட்டார்கள், வேகத்துக்காக அவுட்புட் கிளாஸ் (மாறிய ரோவின் மதிப்பைத் திருப்பித் தரும் பகுதி) போடுகிறது. டிரிகர் உள்ள டேபிளில் எஸ்கியூஎல் சர்வர் அதை அனுமதிக்காது. மாடல் கட்டும் இடத்தில், டேபிள் பெயர் சொல்லும் வரியில், ஹேஸ்டிரிகர் சேர்த்தால் பழைய முறைக்குப் போய்விடும். அங்கே கொடுக்கிற பெயர் வெறும் அடையாளம்தான். 8-இல் யூஸ்எஸ்கியூஎல்அவுட்புட்கிளாஸ் என்று தனி மெத்தடே இருக்கிறது, ஃபால்ஸ் கொடுங்கள். டிரிகர் உள்ள ஒவ்வொரு டேபிளுக்கும் செய்ய வேண்டும். டிபிஏ (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்) நாளைக்குப் புது டேபிளில் டிரிகர் போட்டுவிட்டுச் சொல்லாமல் விட்டால் புரொடக்‌ஷனில்தான் தெரியவரும்.

செந்தூல்_டிபிஏ | 6 நவம்பர் 2025, மாலை 5.22

டிபிஏ சொல்லிவிட்டுத்தான் போடுவான்.

அதே ஜாதிப் பிரச்சினை இன்னொன்று. பழைய கோடில் புது பில் ஐடி எடுக்க அட்அட் ஐடென்டிட்டி எங்கேயாவது இருக்கிறதா தேடுங்கள். பில் டேபிளில் டிரிகர் ஏறியதும் அது ஆடிட் டேபிளின் ஐடியைத் திருப்பித் தரும். பில் லைன்கள் எல்லாம் இல்லாத பில்லில் போய் ஒட்டும், அல்லது அதைவிட மோசமாக, வேறு யாரோ ஒருவருடைய பில்லில் ஒட்டும். ஸ்கோப்_ஐடென்டிட்டி ஆக்குங்கள்.

தஞ்சோங்_மைஎஸ்கியூஎல் | 8 நவம்பர் 2025, காலை 11.15

மைஎஸ்கியூஎல் ஆட்களும் இதைப் படிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். இங்கே டிரிகர் ரோவுக்கு ஒரு தடவை ஓடும்; மேலே சொன்ன வேரியபிள் வம்பு இல்லை. வம்பு வேறு இடத்தில். ஃபாரின் கீயில் ஆன் டெலிட் கேஸ்கேட் வைத்து, கஸ்டமரை அழித்து, அதனால் அவருடைய வண்டிகள் அழிந்தால், வண்டி டேபிளின் டெலிட் டிரிகர் ஓடாது. இன்னோடிபி அதைத் தன் மட்டத்தில் முடித்துவிடும். ஆடிட்டில் கஸ்டமர் அழிந்தது மட்டும் இருக்கும். கேஸ்கேடை எடுத்துவிட்டுப் பிள்ளை ரோக்களை நீங்களே முதலில் அழியுங்கள்.

ரீப்ளேஸ் கட்டளையும் கவனம்: பழைய ரோ இருந்தால் அது டெலிட் பிறகு இன்சர்ட். விலை மாற்றம் என்று நீங்கள் நினைப்பது ஆடிட்டில் அழிப்பும் பிறப்புமாகத் தெரியும். டிரிகரில் கரண்ட்_யூசர் போட்டால் டிரிகரை எழுதினவர் பெயர் வரும். யூசர் என்று போடுங்கள். நல் ஒப்பீட்டுக்குச் சின்னது-சமம்-பெரியது குறி.

ட்ரன்கேட்டுக்கு (டேபிளை மொத்தமாகக் காலி செய்யும் கட்டளை) எந்த டேட்டாபேஸிலும் டிரிகர் ஓடாது, எல்லாருக்கும் பொது.

பிறை_பேக்எண்ட் | 8 நவம்பர் 2025, காலை 11.50

கடைசி வரிக்கு ஒரு திருத்தம். போஸ்ட்கிரெஸில் ட்ரன்கேட்டுக்கென்றே டிரிகர் உண்டு, கட்டளை மட்டத்தில். எந்த ரோ போனது என்று சொல்லாது. யார், எப்போது காலி செய்தார் என்று பதிவாகும், வேண்டுமானால் எரர் எழுப்பித் தடுக்கலாம். கேஸ்கேடும் அங்கே பிள்ளை டேபிளின் டிரிகரை ஓட்டும். எஸ்கியூஎல் சர்வரிலும் ஆஃப்டர் டிரிகர் ஓடும். ஆனால் அங்கே பல்க் இன்சர்ட் டிரிகரை ஓட்டாது, ஃபயர்_டிரிகர்ஸ் என்று சொன்னால்தான்.

போஸ்ட்கிரெஸில் "யார்" அனுப்ப செட்_கான்ஃபிக், மூன்றாவது மதிப்பு ட்ரூ, அப்போதுதான் டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் போய்விடும். ஃபால்ஸ் போட்டு, நடுவில் பிஜிபவுன்சர் (கனெக்‌ஷன்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் புரோகிராம்) டிரான்சாக்‌ஷன் பூலிங்கில் இருந்தால், ஒருவர் பெயர் அடுத்தவர் வேலையில் ஒட்டும். காலிப் பெயராவது கண்ணில் படும். தப்பான ஆள் பெயர் இருந்தால் அப்பாவி ஒருவர்தான் மாட்டுவார். இன்னொரு பொடி விஷயம்: டிரான்சாக்‌ஷன் முடிந்தபின் அதே கனெக்‌ஷனில் படித்தால் நல் வராது, வெற்று ஸ்டிரிங் வரும். கோஅலெஸ் மட்டும் வைத்தால் அந்த வெற்றே விழும். நல்இஃப் சுற்றிப் போடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கணக்கு | 11 நவம்பர் 2025, காலை 8.15

எத்தனை நாள் வைப்பது என்று யாரும் கேட்கவில்லையே. கணக்குப் பதிவுகள் 7 ஆண்டு: நிறுவனங்கள் சட்டம் 2016, பிரிவு 245. வருமான வரிச் சட்டம் 1967, பிரிவு 82-உம் 7 ஆண்டுதான். விலை, பில், வரி மாற்றங்கள் இதோடு சேர்ந்தவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கஸ்டமர் டேபிள் வேறு. தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010, தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்கிறது. ஆடிட்டில் ஐசி (அடையாள அட்டை) நம்பர், போன் நம்பர் எல்லாம் பழைய மதிப்பும் புது மதிப்புமாகக் குவிந்து கிடந்தால், மெயின் டேபிளில் அழித்தும் அழியவில்லை. இந்தச் சட்டத்தின் 2024 திருத்தத்தில் தரவுக் கசிவை அறிவிக்கும் கடமை 2025 ஜூனிலிருந்து அமலில் இருக்கிறது. கசிந்தால் ஆடிட் டேபிளும் கணக்கில் வரும். விலை ஆடிட்டையும் கஸ்டமர் ஆடிட்டையும் ஒரே டேபிளில் போடாதீர்கள், கெடு வேறு.

இன்னொன்று, ஆடிட் ஐடி வரிசையில் நடுவில் எண் விடுபட்டிருந்தால் யாரோ அழித்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

செந்தூல்_டிபிஏ | 11 நவம்பர் 2025, காலை 9.30

அர்த்தமில்லை. டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனால் (பாதியில் ரத்தாகிப் பழைய நிலைக்குத் திரும்பினால்) ஆடிட் ரோவும் சேர்ந்து மறையும், எடுத்த எண் மட்டும் திரும்பி வராது. ரசீதுப் புத்தகத்தில் கிழிந்த தாள் மாதிரி பார்க்காதீர்கள் அக்கா. இதன் மறுபக்கமும் உண்டு: மாற்ற முயன்று தோற்றது டிரிகர் ஆடிட்டில் இருக்கவே இருக்காது. அதற்கு டேட்டாபேஸின் சொந்த ஆடிட் வசதி அல்லது ஆப் லாக்.

அக்கா தனித்தனி டேபிள் என்றதால் மாற்றிச் சொல்கிறேன். எல்லா டேபிளுக்கும் ஒரே ஆடிட் டேபிள், ஜேசனில் (ஃபீல்டு பெயரும் மதிப்புமாக எழுதும் டெக்ஸ்ட்) பழையது புதியது, என்பதுதான் என் வழக்கமான பதில். ஃபீல்டு சேர்ந்தாலும் டிரிகரைத் தொட வேண்டாம் என்ற வசதிக்காக. இந்த வேலைக்கு அது வேண்டாம். விலை டேபிளுக்கு அதே ஃபீல்டுகள் கொண்ட தனி நிழல் டேபிள், கூட நேரம், ஆள், செயல், ஆப், டிரான்சாக்‌ஷன் ஐடி. கணக்கர் நேராக ரிப்போர்ட் எடுக்கலாம். ஒரே கஷ்டம், மெயினில் ஃபீல்டு சேர்க்கும் அதே மைக்ரேஷனில் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) நிழலிலும் டிரிகரிலும் சேர்க்க வேண்டும். கஸ்டமருக்கு ஜேசன் சரி. எஸ்கியூஎல் சர்வரில் ஃபார் ஜேசன் நல் ஃபீல்டுகளை விட்டுவிடும், இன்க்ளூட்_நல்_வேல்யூஸ் போடுங்கள். இல்லாவிட்டால் "காலியாக்கினார்" என்பதும் "அந்த ஃபீல்டே அப்போது இல்லை" என்பதும் ஒன்றாகத் தெரியும். பாஸ்வேர்ட் ஹேஷ், ஐசி எல்லாம் பட்டியலிலிருந்து வெளியே. "ஐசி மாறியது" என்ற குறி மட்டும் போதும்.

இன்டெக்ஸ் இரண்டு போதும்: கீயும் நேரமும் சேர்ந்து ஒன்று, நேரம் ஒன்று. ஆடிட் டேபிளில் ஏழெட்டு இன்டெக்ஸ் வைத்தால் ஒவ்வொரு விலை சேவும் அந்த எடையைச் சுமக்கும்.

கமிட்_கந்தசாமி | 12 நவம்பர் 2025, இரவு 11.20

தலைப்புக்குப் பாதி சம்பந்தம். எச்ஆர் சிஸ்டத்தில் ஆடிட் வைத்ததும் பழைய ஊழியர்கள் பிறந்த நாளெல்லாம் "மாறியது" என்று வருகிறது. நள்ளிரவு 12 இருந்த இடத்தில் 12.30. இளம் பிள்ளைகளுக்கு வருவதில்லை. பேயா?

பிறை_பேக்எண்ட் | 13 நவம்பர் 2025, காலை 8.40

பேய் இல்லை, 1982. அந்த ஜனவரி 1-க்கு முன்னால் தீபகற்பத்தில் நேரம் யூடிசி கூட்டல் 7.30. அன்றுதான் 8 ஆனது. டேட்டாபேஸ் நேர வரலாறு தெரிந்து 1975 பிறந்த நாளை 7.30 வைத்து யூடிசி ஆக்குகிறது. ஆப் எல்லாவற்றுக்கும் 8 என்று திருப்புகிறது. அரை மணி நேரம் எகிறி, சேவ் செய்தால் அதுவே மதிப்பாகிவிடும். பிறந்த நாளுக்கு டேட் டைப் வையுங்கள், டைம்ஸ்டாம்ப் வேண்டாம்.

கமிட்_கந்தசாமி | 13 நவம்பர் 2025, காலை 8.44

அப்போ 1982-க்கு அப்புறம் பிறந்தவர்களுக்கு மட்டும் சிஸ்டம் ஒழுங்காக வேலை செய்கிறது. மேனேஜ்மென்ட் முழுக்க 12.30 கேஸ்.

பாயான்லெப்பாஸ்_கோடர் | 3 பிப்ரவரி 2026, காலை 10.05

தைப்பூச லீவுக்கு முன் புரொடக்‌ஷனில் ஏற்றியாயிற்று. ஏற்றும் முன் டெஸ்டில் ஓட்டியது: ஒரே கட்டளையில் 2 ரோ அப்டேட், அதே மதிப்பில் அப்டேட், நல்லிலிருந்து எண், எண்ணிலிருந்து நல், ஒரு ரோவும் பொருந்தாத அப்டேட், டெலிட், ரோல்பேக், மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவிலிருந்து நேராக ஒன்று, பிறகு இரண்டு யூசர் மாறி மாறி 50 சேவ், பூல் அளவை 1 ஆக்கி வைத்து. எல்லாம் சரி.

ஒரு கேள்வி பாக்கி. ஆடிட் டேபிளில் ஆப் லாகினுக்கு என்ன உரிமை கொடுப்பது? இப்போது இன்சர்ட் கொடுத்திருக்கிறோம்.

செந்தூல்_டிபிஏ | 3 பிப்ரவரி 2026, காலை 11.30

பூல் அளவை 1 ஆக்கியது நல்ல வேலை தம்பி, பெயர் ஒட்டினால் அங்கேதான் தெரியும்.

உரிமை ஒன்றும் வேண்டாம், இன்சர்ட்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு டேபிளுக்கும் ஓனர் ஒருவரே என்றால், டிரிகர் ஓனர்ஷிப் செயின் வழியாக எழுதிக்கொள்ளும். டிரிகருக்குள் டைனமிக் எஸ்கியூஎல் இருந்தால் அந்தச் செயின் அறுந்துவிடும். அப்போது "அனுமதி இல்லை" என்று விலை சேவே விழும், ஆடிட் தோற்றால் மொத்த டிரான்சாக்‌ஷனும் போகும் அல்லவா. ஆப் லாகின் டிபி_ஓனரில் (டேட்டாபேஸில் எல்லா உரிமையும் உள்ள ரோல்) இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அதை எடுக்காமல் மற்றதெல்லாம் வீண்: டேபிளில் ஆல்டர் உரிமை உள்ள எவரும் டிரிகரை அணைத்து, மாற்றி, மறுபடி போட்டுவிடலாம். சிஸ்.டிரிகர்ஸில் இஸ்_டிஸேபிள்ட் 1 ஆக இருந்தால் மெயில் வருகிற மாதிரி ஒரு ஜாப் வையுங்கள், மணிக்கு ஒரு தடவை. இடையில் அணைத்து உடனே போட்டவரை அது பிடிக்காது. அதற்குத்தான் அந்த உரிமை யாரிடமும் இருக்கக் கூடாது என்பது.

பாயான்லெப்பாஸ்_கோடர் | 3 பிப்ரவரி 2026, பிற்பகல் 12.15

டிபி_ஓனரில்தான் இருந்தது. எடுத்ததும் மைக்ரேஷன் ஓடவில்லை, அதற்கு மட்டும் தனி லாகின் செய்கிறோம். இன்சர்ட் உரிமையையும் எடுத்தாயிற்று, விலை சேவ் ஆகிறது, ஆடிட்டில் கிராணி பெயரே விழுகிறது.